ஃபியூஸ் கட்டையை மாற்றும் முன்

1970, 80களில் கட்டிய வீடுகளில் அந்த மெயின் போர்டை இன்றும் பார்க்கலாம். வாசல் நடையிலோ மாடிப்படிக்கு அடியிலோ சுவரில் அறைந்த மரப்பலகை, அதன்மேல் இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச், பக்கத்தில் வரிசையாக நாலைந்து வெள்ளைப் பீங்கான் கட்டைகள். வயர்மேன்கள் கிட்கேட் என்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஃபீஸ் கட்டை. கரண்ட் போனால் முதலில் தெருவை எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் டார்ச்சோடு போர்டுக்கு வருவார்கள். மெயினை அணைத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, கருகியது எது என்று கண்டுபிடித்து, புதுக் கம்பி சுற்றிச் செருகினால் வீட்டில் வெளிச்சம் வந்துவிடும்.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கவேண்டும். கடையில் ஃபியூஸ் கம்பி என்று கேட்டால் வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி கிடைக்கும். 5 ஆம்பியருக்கு உரியது 0.2 மில்லிமீட்டர் தடிமன், 15 ஆம்பியருக்கு உரியது 0.5 மில்லிமீட்டர். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு, இருட்டில், அந்தச் சுருள் யார் கைக்கும் அகப்படுவதில்லை. அகப்படுவது ஒரு பழைய வயர்த் துண்டு. தோலை உரித்தால் உள்ளே தலைமுடி போன்ற செம்பு இழைகள். இன்றைய வயர்களில் ஓர் இழை பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் இருக்கும். ஓர் இழை போட்டால் மறுபடியும் போய்விடும் என்று மூன்றை முறுக்கிப் போடுவது ஏறக்குறைய எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்.

பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த வில்லியம் பிரீஸ், எவ்வளவு தடிமனான கம்பி எவ்வளவு மின்னோட்டத்தில் உருகும் என்பதை 1880களில் ஆராய்ந்து ஒரு வாய்பாடு கொடுத்தார். செம்புக்கு அது எளிது: தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் ஒன்றரை அடுக்கை 80ஆல் பெருக்கினால் உருகும் ஆம்பியர் கிடைக்கும். 0.2 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 7 ஆம்பியரில் உருகும். 0.3 மில்லிமீட்டர் இழை 13 ஆம்பியர் வரை தாங்கும். மூன்று இழைகளை முறுக்கிப் போட்டால் 30 ஆம்பியரைத் தாண்டியும் அசையாது. 5 ஆம்பியர் என்று பீங்கானில் பொறித்த கட்டைக்குள் இப்போது இருப்பது 30 ஆம்பியர் கம்பி. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பழைய போர்டை மாற்றவேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். ஃபியூஸ் கெட்ட கருவி அல்ல. எந்தக் கம்பியைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிற கருவி என்பதுதான் அதன் குறை.

ஃபியூஸின் தத்துவம் எளிமையானது, அழகானதும்கூட. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் காட்டினார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. சுவருக்குள் ஓடும் தடித்த வயர் சூடாகிக் கெடுவதற்குமுன், வேண்டுமென்றே மெல்லியதாக வைத்த ஒரு துண்டு உருகி இணைப்பை அறுத்துவிட வேண்டும். எடிசன் 1890இல் காப்புரிமை பெற்ற ஃபியூஸ் அமைப்பும் இந்த வழியில் வந்ததுதான். ஆக, ஃபியூஸ் காப்பது வயரை. டிவியையோ ஃபிரிட்ஜையோ அல்ல, மனிதரையும் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும்.

வயர் எவ்வளவு தாங்கும்? குழாய்க்குள் ஓடும் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் சுமார் 11 ஆம்பியர், 1.5 சதுர மில்லிமீட்டர் சுமார் 15, 2.5 என்றால் 20, 4 என்றால் 27. இந்தக் கணக்கில் செம்பு உருகுமா என்ற கேள்வியே இல்லை. அது உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதைச் சுற்றியுள்ள பிவிசி தோல்தான் பலவீனமான இடம். அதன் வரம்பு 70 டிகிரி. அதைத் தாண்டித் தொடர்ந்து சூடானால் தோல் இளகும், காய்ந்து வெடிக்கும், ஒருநாள் பேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று தொடும். 11 ஆம்பியர் வயரில் 30 ஆம்பியர் ஓடினால் வெப்பம் ஏழு மடங்குக்கு மேல் போகிறது. அப்போது மூன்று இழை முறுக்கிய ஃபியூஸ் சும்மா இருக்கும், சுவருக்குள் இருக்கும் வயர்தான் ஃபியூஸ் வேலையைச் செய்யும்.

அந்தக் காலத்து வீட்டில் இது பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை, ஏனென்றால் சுமை இல்லை. நாலு குண்டு பல்பு, மூன்று ஃபேன், ஒரு ரேடியோ. 60 வாட் பல்பு இழுப்பது கால் ஆம்பியர்தான். அதே வீட்டில் இன்று 2 கிலோவாட் கீசர் ஒன்றே 8.7 ஆம்பியர் இழுக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பும் அவ்வளவு. ஒன்றரை டன் ஏசி, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், தண்ணீர் மோட்டார், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது பல வீடுகளில் 40 வருஷத்துக்கு முந்தைய வயர்தான். சில வீடுகளில் அது அலுமினியம். அலுமினிய வயரின் முனையில் காற்றுப் பட்டதும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் படியும். சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும், திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். நாளாவட்டத்தில் இணைப்பு தளர்கிறது, தளர்ந்த இடம் சூடாகிறது. போர்டின் மேல் ஒரு பழுப்பு வளையமும் கருகிய வாசனையும் இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பழைய போர்டுகளில் இன்னொரு கோளாறு உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. முன்பெல்லாம் பேஸுக்கு ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் என்று இரண்டு வைப்பார்கள். இரட்டிப்புப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் நியூட்ரல் பக்கத்துக் கம்பி மட்டும் போனால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், அறை முழுக்கக் கரண்ட் இல்லாததுபோல இருக்கும். பேஸ் மட்டும் 230 வோல்ட்டோடு ஒவ்வொரு சுவிட்ச் வரை, சுவிட்ச் போட்டிருந்தால் ஒவ்வொரு ஹோல்டர் வரை காத்திருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. நியூட்ரலில் ஃபியூஸ் உள்ள போர்டை நான் ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டேன்.

ஃபியூஸுக்குப் பதிலாக இன்று வருவது எம்சிபி. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் 1924இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. விரல் நீளத்தில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் இரண்டு வேறு வேறு கருவிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. சுமை கூடினால் அது சூடாகி மெல்ல வளையும், வளைந்து, தொடர்பைப் பிடித்துவைத்திருக்கும் கொக்கியை விடுவிக்கும். இது அவசரப்படாது. அளவைவிட 13 சதவீதம் கூடுதலாக ஓடினாலும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும், 45 சதவீதம் கூடினால் ஒரு மணி நேரத்துக்குள் அறுத்தாக வேண்டும் என்பது விதி. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 18 ஆம்பியரைத் தாங்கும், 23 ஆம்பியரில் கட்டாயம் விழும். பீங்கான் கட்டையில் இந்தத் துல்லியம் கிடையாது. 15 ஆம்பியர் கம்பியை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் அது உருக 28 ஆம்பியர் வேண்டும்.

மற்றது ஒரு கம்பிச்சுருள், மின்காந்தம். பேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்த நிலையில் பட்டை சூடாகும்வரை காத்திருக்க முடியாது. சுருளுக்குள் இருக்கும் இரும்புத்தண்டு ஓர் அடியில் கொக்கியைத் தட்டிவிடும். நூறில் ஒரு பங்கு நொடியில் வேலை முடிந்துவிடும். இதில் கடினமான பகுதி தொடர்பைப் பிரிப்பது அல்ல, பிரிந்த இடைவெளியில் எரியும் மின்வில்லை அணைப்பது. வில்லின் சூடு ஆயிரக்கணக்கான டிகிரி. பழுதாகிப்போன எம்சிபி ஒன்று கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். ஒரு மூலையில் சின்னச் சின்ன இரும்புத் தகடுகள் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கும். காந்த விசை வில்லை அந்த அடுக்குக்குள் தள்ளும். ஒரே வில் பல துண்டுகளாக வெட்டுப்பட்டு, குளிர்ந்து, அணைந்துவிடும். ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் தகடும் செய்யும் இந்த வேலை, வீட்டுக்குள் இருக்கும் பொறியியலில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

எம்சிபியின் முகத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். C16 என்று இருந்தால் 16 என்பது ஆம்பியர். C என்ற எழுத்து, மின்காந்தம் எப்போது தட்டும் என்பதைச் சொல்கிறது. B வகை 3 முதல் 5 மடங்கிலும், C வகை 5 முதல் 10 மடங்கிலும், D வகை 10 முதல் 20 மடங்கிலும் தட்டும். மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு இழுக்கும் என்பதால் ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் உள்ள லைனுக்கு C வகை பொருந்தும். விளக்குக்கும் கீசருக்கும் B போதும். கீழே சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருக்கும். ஷார்ட் சர்க்யூட்டில் அத்தனை ஆம்பியர் பாய்ந்தாலும் இந்தப் பெட்டி வெடிக்காமல் அறுக்கும் என்பதற்கான உறுதி அது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் 10000 வாங்குவது நல்லது.

இதுவரை சொன்னதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பீங்கான் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அதே இடத்தில் எம்சிபி வரிசை மாட்டி, பளபளப்பான மூடி போட்டால் வீடு பாதுகாப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதும் காக்கப்படுவது வயர் மட்டும்தான்.

ஈரக் கையோடு, வெறுங்காலில் சமையலறைத் தரையில் நிற்கும் ஒருவர் பேஸ் கம்பியைத் தொட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உடலின் மின்தடை சுமார் 1,500 ஓம் என்றால், 230 வோல்ட்டில் அவர் உடம்பு வழியாக ஓடுவது 150 மில்லிஆம்பியர், அதாவது 0.15 ஆம்பியர். சராசரியாக 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகிப் பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம். 150 மில்லிஆம்பியர் சில நொடிகள் நெஞ்சு வழியாக ஓடினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். 6 ஆம்பியர் எம்சிபியின் கணக்கில் அது ஒரு சின்ன பல்பு எரிவதற்குச் சமம். அது ஏன் விழப்போகிறது?

எர்த் இருக்கிறதே என்று கேட்கலாம். எர்த்தைப் பற்றி நம் ஊரில் உள்ள நம்பிக்கையை ஒருமுறை எண்களில் போட்டுப் பார்ப்பது நல்லது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பேஸும் நியூட்ரலும்தான். எர்த் நாமே நம் வீட்டு மண்ணில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு அமைத்தது. கிரைண்டரின் உள்ளே பேஸ் வயர் உரசி உலோக உடம்பைத் தொட்டால், மின்சாரம் எர்த் வயர் வழியாக நம் குழிக்குப் போய், மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். நம் குழியின் தடை 8 ஓம், அந்தப் பக்கம் 2 ஓம் என்று நல்லபடியாகவே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10 ஓம். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். C16 எம்சிபியின் மின்காந்தம் தட்ட 80 ஆம்பியராவது வேண்டும். பட்டை வளைந்து விழ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பழைய 15 ஆம்பியர் ஃபியூஸ் விழவே விழாது. அந்த நேரம் முழுக்க கிரைண்டரின் உடம்பில் இருப்பது 23ஐ 8ஆல் பெருக்கிய 184 வோல்ட். இது எர்த் நன்றாக உள்ள வீட்டின் கணக்கு. சித்திரை வெயிலில் குழி காய்ந்து, தடை 50 ஓம் ஆகிவிட்ட வீட்டில் 5 ஆம்பியர்கூட ஓடாது. எந்த எம்சிபியும் விழாது, கிரைண்டர் 220 வோல்ட்டோடு நிற்கும்.

‘கிரைண்டர்ல லேசா ஷாக் அடிக்குது’ என்று எத்தனை வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, அல்லது ஒரு மணைப்பலகையில் ஏறி நின்றுகொண்டு, மாவை வழித்தெடுக்கிறார்கள். செருப்பு நனையாதவரைக்கும் அது லேசான ஷாக்தான்.

இந்த இடத்தை நிரப்ப வந்தது ஆர்சிசிபி. பழைய வயர்மேன்கள் ஈஎல்சிபி என்றே சொல்வார்கள். அது வேலை செய்யும் விதம் சரியான வரவு செலவுக் கணக்கு. வீட்டுக்குள் போகும் பேஸ், வெளியே வரும் நியூட்ரல் இரண்டும் ஒரே காந்த வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. போன அளவே திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வளையம் சும்மா இருக்கும். போனது 5 ஆம்பியர், வந்தது 4.97 ஆம்பியர் என்றால், மீதி 30 மில்லிஆம்பியர் வேறு ஏதோ வழியில் மண்ணுக்குப் போகிறது. அந்த வழி ஒரு மனிதராக இருக்கலாம். வளையத்தில் மிஞ்சும் சின்னஞ்சிறு காந்தப்புலம், அதைச் சுற்றியுள்ள சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்கி, கொக்கியை விடுவிக்கும். வீடுகளுக்கான 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி அந்த அளவில் 0.3 நொடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கில், அதாவது நாம் கணக்கிட்ட அதே 150 மில்லிஆம்பியரில், 0.04 நொடிக்குள்ளும் அறுத்தாக வேண்டும். ஓர் இதயத் துடிப்புக்கு ஆகும் நேரம் சுமார் 0.8 நொடி. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும், எந்த அளவில் கை விடமுடியாமல் பிடித்துக்கொள்ளும் என்று தன்னார்வலர்களை வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார். அந்த அளவுகளின் அடிப்படையில்தான் 1961இல் 5 மில்லிஆம்பியருக்கே அறுக்கும் கருவியை உருவாக்கினார். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்குச் சற்று முன்பே இதே வழியில் முயற்சிகள் நடந்தன. இன்று நம் குளியலறைக்கும் சமையலறைக்கும் கிடைக்கும் பாதுகாப்பு அந்த அளவீடுகளின் பலன்.

ஆர்சிசிபி இருந்தால் எர்த் சுமாராக இருந்தாலும் வீடு பிழைக்கும். 30 மில்லிஆம்பியரை 1,000 ஓமால் பெருக்கினாலும் 30 வோல்ட்தான் வருகிறது. அதற்குமேல் மின்னழுத்தம் ஏறுவதற்குள் அது விழுந்துவிடும். அதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது. எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு தெரிந்து ஆர்சிசிபி விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும்.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவருக்கு ஆர்சிசிபி உதவாது. போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் அவர் ஒரு பல்பு என்றுதான் அதற்குத் தெரியும். அதிகச் சுமையையும் அது கண்டுகொள்ளாது. அதனால் எம்சிபியும் ஆர்சிசிபியும் இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த ஆர்சிபிஓ கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் ஃபிரிட்ஜ் போன்ற ஒரே ஒரு லைனைத் தனியாகக் காக்க அதுவே நல்லது. வேறு அறையில் இஸ்திரிப் பெட்டி கசிந்தால் ஃபிரிட்ஜில் உள்ள பாலும் மாவும் கெட வேண்டியதில்லை.

இனி மாற்றும் வேலை. இதை நீங்களே செய்யக் கூடாது என்பதை முதலிலேயே சொல்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதன் மேல்முனையில் மின்சாரம் இருக்கும். அதை நிறுத்த மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள கட்-அவுட்டை எடுக்க வேண்டும், அது மின்வாரியத்தின் சொத்து. மீட்டர் சீலை உடைப்பது குற்றம். தமிழ்நாட்டில் வயர்மேன்களுக்கு மின் உரிமம் வழங்கும் வாரியம் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் உள்ளவரை அழையுங்கள். பழைய பீங்கான் கட்டைகள் சிலவற்றில் தீப்பொறி படாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருப்பார்கள். சுத்தியலால் உடைக்காமல், தூள் கிளப்பாமல் அப்படியே எடுத்துப் பையில் கட்டுவது நல்லது.

நல்ல வயர்மேன் வந்தவுடன் பெட்டியைத் திறக்க மாட்டார், வயரைப் பார்ப்பார். மெகர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே தோல் எவ்வளவு தாங்குகிறது என்று ஒவ்வொரு லைனாக அளப்பார். ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த லைனில் எங்கோ தோல் போயிருக்கிறது, அல்லது சுவர் ஈரம் இறங்கியிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆர்சிசிபியை மாட்டினால் அது முதல் நாளே விழுந்துகொண்டே இருக்கும். பிறகு நடப்பதுதான் கொடுமை: ‘சும்மா சும்மா ட்ரிப் ஆகுது’ என்று யாராவது ஒருவர் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் இருக்கும் ஒரே உயிர்க்காப்பு அன்றோடு போய்விடும்.

அப்படி விழுவதற்குப் பழைய வீடுகளில் பெரிய காரணம் நியூட்ரல் கலப்பு. மாடிப்படி விளக்குக்குக் கீழ்த்தளத்திலிருந்து பேஸும் மேல்தளத்திலிருந்து நியூட்ரலும் எடுத்திருப்பார்கள். பத்தடி வயர் மிச்சம் என்று அன்று செய்தது. ஃபியூஸ் இருந்தவரை அது யாருக்கும் தெரியாது. இரண்டு தளத்துக்கும் தனித்தனி ஆர்சிசிபி போட்டதும், ஒன்றில் போன மின்சாரம் மற்றதில் திரும்பும். அந்த விளக்கைப் போட்டதும் இரண்டும் விழும். இன்வெர்ட்டர் லைனிலும் இதே கதைதான். இன்வெர்ட்டர் வைத்தபோது பேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டிருப்பார்கள். ஒவ்வொரு லைனின் நியூட்ரலையும் தேடிப் பிடித்து, அந்தந்த ஆர்சிசிபியின் நியூட்ரல் லிங்க்கில் கட்டுவது பொறுமையான வேலை. பெட்டி மாட்ட ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் அதிகம். இதற்குக் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். கூடவே, மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் மெயின் ஆர்சிசிபி வழியாக வருவதில்லை என்பதையும் நினைவுபடுத்துங்கள். இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பக்கத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்.

எந்த லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்பதை வயர் தீர்மானிக்க வேண்டும், வீட்டுச் சாமான் அல்ல. 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி, 2.5க்கு 16, 4 சதுர மில்லிமீட்டருக்கு 20 அல்லது 25. ஏசி போட்டதும் 10 ஆம்பியர் எம்சிபி விழுகிறது என்றால், 32 ஆம்பியர் எம்சிபி மாட்டுவது அந்தக் காலத்தில் மூன்று இழை முறுக்கிப் போட்டதைவிட எந்த விதத்திலும் மேலானது அல்ல. தடித்த வயரில் தனி லைன் இழுப்பதுதான் மருந்து. இன்வெர்ட்டர் ஏசி, எலெக்ட்ரானிக் வாஷிங் மெஷின் போன்றவற்றின் கசிவில் நேர்மின்னோட்டத் துடிப்புகளும் கலந்திருக்கும். மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் அறியும் பழைய AC வகை ஆர்சிசிபி அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். கொஞ்சம் விலை கூடினாலும் A வகை கேட்டு வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று பேஸ் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். ஒரு பேஸ் போனால் கட்டையை உருவி அடுத்த பேஸில் செருகிக்கொள்ளும் வழக்கம் பழைய போர்டோடு முடிய வேண்டும். புது போர்டில் பேஸ் மாற்றும் சுவிட்ச் வைத்துக்கொள்ளலாம். நியூட்ரல் மட்டும் எங்கும் தனியாக அறுபடக் கூடாது. மூன்று பேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் சாமான்களுக்கு 400 வோல்ட் வரை ஏறி, ஒரே நிமிஷத்தில் டிவியும் பல்பும் போய்விடும்.

பெட்டியை மூடும் முன் இரண்டு சின்ன விஷயங்கள். காலியாக உள்ள துளைகளை அடைப்புத் தட்டால் மூடச் சொல்லுங்கள். பல்லிக்கு வெதுவெதுப்பான பெட்டி மிகவும் பிடிக்கும், உள்ளே போய் இரண்டு முனைகளுக்கு நடுவில் செத்துக் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. அடுத்தது, ஒவ்வொரு எம்சிபிக்கும் கீழே ‘சமையலறை பவர்’, ‘மாடி விளக்கு’, ‘கீசர்’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

மாற்றிய பிறகு எம்சிபியோ ஆர்சிசிபியோ விழுந்தால் அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். ஒருமுறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எந்தச் சாமானைச் செருகும்போது ஆர்சிசிபி விழுகிறதோ, அந்தச் சாமான் இத்தனை நாளாகக் கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். நம் ஊர் வீடுகளில் அது அனேகமாகப் பழைய கிரைண்டராகவோ கீசராகவோ இருக்கும். பழுது பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆர்சிசிபியின் முகத்தில் ‘T’ என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு மின்தடை வழியாக வேண்டுமென்றே கசிவை உண்டாக்கி, கருவி உயிரோடு இருக்கிறதா என்று அது பார்க்கும். அழுத்தாமலே வருஷக்கணக்கில் விட்டால் உள்ளே கொக்கி பிசின் பிடித்து இறுகிவிடக்கூடும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் செய்தால் மறக்காது. எர்த் சரியாக இருக்கிறதா என்று அந்தப் பொத்தான் சொல்லாது, அதை வயர்மேன் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும். வேலை முடிந்து கூலி கொடுப்பதற்கு முன், அவர் கூடவே நிற்கும்போது, அந்தப் பொத்தானை உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள். ஆர்சிசிபி விழ வேண்டும். விழவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.